சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அமர்வு

முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

'முதலில் எது உடைந்தது என்று சொல்லிவிடுகிறேன்.'

டவுன் பஸ் நேரம் சொல்லும் செயலி ஒன்று. அது ஏன் ஒருவருக்கும் உதவவில்லை என்று விளக்கும் உரைக்கு அரைப் பக்கக் குறிப்பு. மேலே பெயர் இல்லை. யார் குறிப்பிலும் இருக்காது. முகம் பார்த்து மேடை கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழில்நுட்ப மாநாட்டின் வழக்கம்.

ஆனால் அந்த வரியை அவள் ஆறு வருடம் கேட்டிருக்கிறாள்.

வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவன் அப்படித்தான் ஆரம்பிப்பான். ஒருநாள் அலுவலக சர்வர். ஒருநாள் வண்டிக் கண்ணாடி. ஒருநாள் அவள் அம்மா ஆசையாய்க் கொடுத்த ஊறுகாய் ஜாடி.

கடைசியாக அவன் அப்படித் தொடங்கிய அன்று வீட்டில் சாமான்கள் எல்லாம் முழுதாகவே இருந்தன.

அது ஆயிற்று, நாலு வருடம்.

மேடையில் அவன் வேறு ஆள். வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி, திருவள்ளுவரைத் தொட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். இந்த வரி வீட்டோடு சரி.

வீட்டு வரி எதற்கு வெளியே வந்திருக்கிறது?

யார் கண்ணில் படுவதற்கு?

மாநாட்டை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். போகும்போது அவன் இதையும் சேர்த்தே விட்டுப் போனான். அந்தக் கதை, உரைகளைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரி வகுப்பறையில் அன்று கூடியிருந்த ஐந்து தன்னார்வலர்களில் நாலு பேருக்கு அத்துப்படி. ஐந்தாவது ஆள் அவள். அவளுக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

மிச்சம் இருந்தது ஓர் இடம். ஞாயிறு மதியம், இரண்டிலிருந்து மூன்று. பிரியாணிக்குப் பிறகு வரும் அமர்வு. அதற்கும் இரண்டு உரைகள் போட்டி. ஒன்று இந்த பஸ். மற்றது செயற்கை நுண்ணறிவு. ஏற்கெனவே ஏழு நுண்ணறிவுகள் பட்டியலில் ஏறி உட்கார்ந்திருந்தன.

"ஒரே மாநாட்டுக்கு எட்டு அறிவு தாங்காதுக்கா," என்றாள் சகாயமேரி. மதிப்பெண் தாள் அவள் கையில்தான்.

பஸ்ஸுக்கு இரண்டு கைகள் உயர்ந்தன. நுண்ணறிவுக்கு இரண்டு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதுதான் விதி. அன்று காலையிலிருந்து ஜாகிர் இரண்டு முறை எழுந்து போய் வராந்தாவில் நின்றிருந்தான். ஒருமுறை தன் மேலாளருக்காக. இன்னொரு முறை, தன் தம்பியாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக. அது தம்பி இல்லை. கடலை தின்றதுதான் மிச்சம்.

விதியை எழுதியவள் அவள்தான்.

எழுந்து போனால் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். அவன் வராமலே போகலாம். அது மட்டுமல்ல. ஒரே வரியில் ஓர் ஆளை அடையாளம் கண்டு எழுந்து போகிறாள் என்றால், அந்த ஆள் யார் என்று இந்த அறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு வருடம் கழித்துமா என்று மாலைக்குள் ஊர் கேட்கும்.

எழுந்து போகாவிட்டால் அவன் வருவான். ஒரு மணி நேரம், ஒரே கூரைக்குக் கீழே.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

கையைத் தூக்கினாள்.

"பஸ்," என்றாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர்களைத் திறப்பது. சகாயமேரி மடிக்கணினியில் மறைத்து வைத்திருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக விரித்து, வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"மஞ்சரி. ஊர் ஓசூர். கூட வர்றது வீட்டுக்காரர். குழந்தைகள் அறை வேணுமாம். பொம்பளப் பிள்ள, வயசு..."

குரல் தேய்ந்தது.

"...மூணு."

மஞ்சரி என்ற பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவன் ஓசூருக்குப் போனது மட்டும் தெரியும். ஜாகிர் கேள்விப்பட்டிருக்கிறான் என்பது, ஓடாத மின்விசிறியை அவன் நிமிர்ந்து பார்த்ததில் தெரிந்தது. மற்ற இருவருக்கும் அதே நேரத்தில் கைப்பேசியில் அவசர வேலை வந்தது.

விதிப்படி பார்த்தால் அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதியவரை அவளுக்குத் தெரியாது.

"அக்கா," என்றாள் சகாயமேரி, மெல்ல. "வேணும்னா இன்னொரு தடவ கை தூக்கிப் பாத்துரலாமா?"

"எதுக்கு? நல்லாத்தான எழுதியிருக்கா."

மஞ்சரி என்று ஓர் அட்டையில் எழுதினாள். கையெழுத்து கோணவில்லை. அட்டையை நிகழ்ச்சி நிரல் பலகையில் 'மாடி அரங்கு' என்ற தலைப்பின் கீழே ஒட்டினாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பிய்த்துக் கீழ்த்தள அரங்குக்கு மாற்றி, அங்கிருந்த அட்டையை மாடிக்கு ஏற்றினாள். கீழ்த்தளத்தில்தான் குழந்தைகள் அறை, அடுத்த கதவு. பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்கும்.

மூன்று வருடம் சண்டை போட்டு அவள் வாங்கிய அறை அது. பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு இந்த அக்கறை என்று கேட்டவர்கள் உண்டு. அவள் இல்லாதபோதுதான் கேட்டார்கள். ஆனாலும் அவள் காதுக்கு வந்தது.

குழந்தைகள் அறையை யார் யார் எப்போது பார்த்துக்கொள்வது என்ற தாள் பலகையின் ஓரத்தில் தொங்கியது. மற்ற கட்டங்களில் எல்லாம் பெயர் இருந்தது. ஞாயிறு, இரண்டிலிருந்து மூன்று மட்டும் காலி.

எல்லோரும் பென்சிலால்தான் எழுதியிருந்தார்கள். கடைசி நேரத்தில் அழித்துக்கொள்ளலாம் அல்லவா.

அவள் பேனாவை எடுத்தாள்.