வாளிக்கு ஒரு பிடி

இடுப்பு விட்டுப்போகிறது. தண்ணீர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வண்ணமீன் கடைக்காரர் இன்று வந்து அள்ளிப்போக வேண்டிய அழகுக் கெளுத்திகள் குழல்விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து மிதக்கின்றன. உடம்பெல்லாம் நோயாய்ப் பூத்திருந்த வெள்ளைப் புள்ளி போய்விட்டது. செதிலில்லாத தோல் மட்டும் வெந்ததுபோல் உரிந்து தொங்குகிறது. காற்றுக் குழாய் விடாமல் குமிழ் விடுகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மீன்கள் அந்தக் குமிழ்களின் ஓரத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. புருஷன் விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்து, துப்புகிறான்.

"என்னடி இது, ஊறுகாயா போட்டிருக்கே?"

"நீங்கதானே உப்புப் போட்டா புள்ளி போயிடும்னு சொன்னீங்க."

"ஒரு தடவை போடச் சொன்னேன்."

"தண்ணி வத்த வத்த ஊத்தினேன். வாளிக்கு ஒரு பிடி போட்டேன்."

"வத்துறது தண்ணிதான். உப்பு எங்க போகும்? உள்ளேயேதான் கிடக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?"

அவன் வலையை எடுத்துச் செத்ததை அள்ளிக் காலி வாளியில் கொட்டுகிறான். பிளாஸ்டிக்கில் ஈரத்துணி விழுவதுபோல் சத்தம் கேட்கிறது. அவள் உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு எரிகிறது. புடவையில் துடைத்தும் எரிச்சல் அடங்கவில்லை. வெளியே வண்டி வந்து நிற்கிறது. கடைக்காரர் கொடுத்த முன்பணம் மகளின் பிரசவத்துக்குக் கரைந்துவிட்டது. அவருக்கு இன்னும் இருநூறு கெளுத்தி கொடுக்க வேண்டும்.