விரலில் வந்த நாரை

பிளவ்திவ் நகரத்தில், பார்வையற்ற குழந்தைகளின் வகுப்பு மேசைமேல் மார்ச் வெயில் கிடக்கிறது. மார்ச் முதல் நாளன்று எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் கயிற்றை, வசந்தத்தின் முதல் நாரையைப் பார்த்த பிறகுதான் அவிழ்க்கலாம் என்பது அந்த ஊர் வழக்கம். ஆறு வயது கலினா பிரெயில் எழுத்துகளைக் குத்திக் குத்தி ஒரு நாரை வரைந்திருக்கிறாள். அது நாரை என்று வரைந்தவளே சொன்னால் செல்லாது. இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து இருக்கை ஒக்னியானிடம் தாளைத் தள்ளுகிறாள். அவன் விரல் புள்ளிகளின் மேல் ஊர்கிறது. "கோழிதானே?" "போடா. காலைத் தொட்டுப் பாரு. என்ன எழுத்து?" "ல." மூன்று புள்ளிகள் செங்குத்தாக நிற்கும் அந்த எழுத்தின் வழியே விரல் கீழே போகிறது. "ல. இன்னொரு ல. ஏய், இதுக்குக் காலு முடியவே முடியாதா?" கலினா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். விரல் மேலே ஏறி, நீண்ட அலகின் நுனிவரை போய் நிற்கிறது. "நாரைடி! பாத்துட்டேன்!" என்று கத்துகிறான் ஒக்னியான். அவிழ்க்கும் அவசரத்தில், கயிற்றின் முடிச்சு அதற்குள் கலினாவின் பல்லிடுக்கில் இருக்கிறது.