போறணைப் புகை

ஆகாய விமானம் விழுந்து இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று மட்டும் போஸ்ட் மாஸ்டர் சின்னத்துரை சொல்லிப் பத்தொன்பது மணி நேரமாகிறது. அதற்குள் கெலிஓயா ஊரே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. பேக்கரி ஹபீல் பாண் சுடும் போறணையின் புகைதான்.

"முந்தாநாள் நம்ம தலைக்கு மேலதானே பறந்திச்சு, நானா? ஒங்க பொகையில ஓட்டுனவருக்குக் கண்ணு தெரியல," என்றார் தினமும் பாண் வாங்க வரும் மூக்கையா. அன்று அவர்கூட வாங்கவில்லை. காலையில் சுட்டது அத்தனையும் அப்படியே கிடந்தது.

ஹபீல் தபால் கந்தோருக்கு ஓடினார்.

"மாஸ்டர், நீங்க சொன்னா ஊர் கேக்கும். என்ட பொகையா காரணம்?"

"விசாரணை முடியேல்லை. அதுக்கு முன்னம் செத்தவையின்ரை கதையைக் கதைக்கிறது மரியாதையில்லை."

"அது முடியிறதுக்குள்ள நான் கடையை மூடிடுவேன்!"

"அதுக்காக ஊகம் சொல்லேலாது."

ஹபீலின் கண்கள் கலங்கின. இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"காரணம் வாணாம், மாஸ்டர். செத்துப்போன அந்த ரெண்டு மையத்துகள்ட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கிறேன். நம்ம ஹந்தானை மலையில எந்தப் பக்கம் விழுந்திச்சு?"

சின்னத்துரை யோசித்தார். இடத்தைச் சொன்னால் விசாரணைக்குப் பாதகமில்லை என்று பட்டது.

"கராச்சியிலை," என்றார்.