கருப்புக்கு மேலே

கராத்தே சங்கத் தலைவரே முன்னால் வந்து, பல் டாக்டரின் இடுப்பில் புது பெல்ட்டைச் சுற்றி முடிச்சை இறுக்கினார்.

ஹால் முழுக்கக் கைதட்டல்.

கடைசி வரிசையில் இருந்த பெண் மட்டும் தட்டவில்லை. அவளுடைய ஒரு கை கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கியது. இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டாள்.

கராத்தேயில் கருப்பு பெல்ட்தான் உச்சி என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருப்புக்கு மேலேயும் ஒரு மாடி உண்டு. சிவப்புத் துண்டும் வெள்ளைத் துண்டும் மாறி மாறித் தைத்த பெல்ட். பார்க்க ரயில்வே கேட் கம்பம் மாதிரி இருக்கும். அதற்கும் மேலே முழுச் சிவப்பு. அதைக் கட்டும் ஆள் இந்தச் சங்கத்தில் இன்னும் இல்லை. தலைவருக்கு அதன்மேல் ஒரு கண்.

சிவப்பு வெள்ளையே இதுவரை இரண்டு பேர் இடுப்பில்தான் இருந்தது. ஒருவர் தலைவர், இன்னொருவர் துணைத் தலைவர்.

இப்போது டாக்டரும் சேர்ந்துகொண்டாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் லேசில் விடமாட்டார். வெள்ளை என்றால் அடக்கமாம், சிவப்பு என்றால் அனுபவமாம், இரண்டும் ஒரே இடுப்பில் சேர்ந்தால் பெருந்தன்மையாம்.

"இந்தக் கலர் கட்டினவங்க சின்ன விஷயத்துக்கெல்லாம் உணர்ச்சிவசப்பட மாட்டாங்க" என்று டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

சின்ன விஷயம் என்று அவர் சொன்னது, கடைசி வரிசைப் பெண்ணின் உடைந்த தோள்பட்டை எலும்பை.

பயிற்சியில் எதிர்த்துக் கேள்வி கேட்டாளாம். பயிற்சிச் சண்டை முடிந்து, அவள் குனிந்து வணங்கிக் கையைத் தாழ்த்திய பிறகு உதைத்தார் அவளுடைய மாஸ்டர். மாஸ்டர் தலைவருக்கு மச்சான். ஆகவே சங்கத்தைப் பொறுத்தவரை அது விபத்து.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், புகார் கொடுக்க வைத்ததும், நல்ல தோளைத் தொட்டு நான் இருக்கிறேன் என்று சொன்னதும் இதே டாக்டர்தான்.

இன்று அதே டாக்டர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஹாலில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடவே பயின்றவர்கள்கூட அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள்.

மச்சான் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு கை குலுக்கினார். டாக்டரும் குலுக்கினாள். அந்தப் பெண் பார்த்த பார்வையில் டாக்டருக்கு உடம்பு எரிந்தது. எரியட்டும் என்று நின்றாள்.

கூட்டம் கலைந்தது. அடுத்தது புகார் விசாரணை.

மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். தலைவரும் துணைத் தலைவரும் உட்கார்ந்தார்கள். தீர்ப்பை முன்பே பேசி முடித்தாகிவிட்டது, வாய்விட்டுப் படிப்பதுதான் பாக்கி.

டாக்டர் ஓரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்தாள். மேசைக்குப் பின்னால், இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

விதி அவரே எழுதியது. கருப்புக்கு மேலே கட்டியவர் யாரானாலும் விசாரணையில் உட்காரலாம். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு செல்லாது. எழுதியபோது இருந்தது இவர்கள் இருவர்தான். தலைவருக்குத் துணைத் தலைவரை நம்ப முடியாது, துணைத் தலைவருக்குத் தலைவரை நம்ப முடியாது. அதனால் ஆளுக்கொரு பூட்டு. மூன்றாவதாக ஒருத்தி வருவாள் என்று இருவரும் கனவிலும் நினைக்கவில்லை.

டாக்டருக்குத் தகுதி வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த பெல்ட்டை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வாரம்தான், அவளே தலைவருக்குப் போன் போட்டு, கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். ஆள் விலைக்கு வந்துவிட்டாள் என்று தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"முன்னாடி வாம்மா. மாஸ்டரும் இங்கேயே நிக்கட்டும். முதல்லேருந்து சொல்லு."