குட்டைக்கு ஆதாரம்

பருத்திப்பட்டு தாண்டி ஒரு குட்டையில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான் லோகேஷ். இந்தக் குட்டையைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் அவன் எழுதிய முதல் கட்டுரையை ஐந்து மணிக்கு நீக்கிவிடுவார்கள், ஆதாரம் இல்லையாம். கரையிலிருந்து லாரி மண்ணைச் சரிக்க, வெயிலில் மின்னிய தண்ணீர் கலங்கிச் சிவக்கிறது. "அண்ணாத்தே, குட்டை இங்கதான் கீது. உள்ளயே நின்னுகினு கீறேன்!" என்று கைபேசியில் கத்துகிறான். "நீங்க நிக்கிறதெல்லாம் ஆதாரம் ஆகாது தம்பி, பேப்பர்ல வந்திருக்கணும்" என்கிறார் பன்னிரண்டு வருடமாக அந்தக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்திவரும் இருதயராஜ். "குட்டைய எவன் பேப்பர்ல போடுவான்? மண்ணு கொட்டி மூடிகினு கீறானுங்க!" அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நிற்கிறது. இருதயராஜ் குரலில் கள்ளமில்லாத மகிழ்ச்சி. "அடடே, மூடிட்டா செய்தி வருமே! அதை அனுப்புங்க, கட்டுரை தப்பிச்சிடும்." அடுத்த லாரி ரிவர்ஸில் வருகிறது. லோகேஷ் நகர்வதாக இல்லை.