நழுவாத குமிழ்

“கொட்டாவி விடுற டோஃபுக்காரர் உருவத்துல ஒரு இடுப்புக் குமிழ்... அதைச் செதுக்கினது நீங்கதானே?”

வாசலில் நின்ற இளைஞன் கேட்டதும் ஷிகெபெய் சற்றுப் பின்வாங்கினார். போன வாரம்தான் ஒருவர், பைக் கயிற்றை இடுப்புப் பட்டையில் நழுவாமல் நிறுத்தும் குமிழின் துளை, அந்தக் கயிற்றையே அறுத்துப் பை தொலைந்துவிட்டதென்று தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஷிகெபெய் உளியைத் தொடவில்லை. இனித் தொடப்போவதுமில்லை என்றிருந்தார்.

“நான்தான். ஏன் தம்பி, கயிறு அறுந்துடுச்சா?”

“போச்சு, அடுத்த ஆளும் வந்தாச்சு!” உள்ளேயிருந்து மனைவி ஒகினு முணுமுணுத்தாள்.

இளைஞன் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான். அரிசிப் பணியாரப் பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினான்.

“நான் டொகுசோ. உங்க பேரு இப்பத்தான் தெரிஞ்சுது, ஓடி வந்தேன். என் உயிரைக் காப்பாத்தினவர் நீங்க.”

“குமிழ் செதுக்குறவன்ப்பா நான், வைத்தியன் இல்லை!”

“சுமிதா ஆத்துப் பாலத்துல வாணவேடிக்கை. நெரிசல். இடுப்புல தொங்கின பையை வெடுக்குனு ஒரு இழுப்பு. மேல இருந்த உங்க குமிழ் பட்டையைத் தாண்டி நழுவணுமே? நழுவலை. கயிறும் அறுபடலை. திருட்டுக் கை கப்புனு மாட்டிக்கிச்சு. அந்தப் பை மட்டும் அன்னிக்குப் போயிருந்தா, இந்நேரம் என் தலையும் போயிருக்கும்.”

ஷிகெபெய் உள்பக்கம் திரும்பினார். “கேட்டியா ஒகினு? டோஃபுக்காரருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய தொப்பைன்னு சிரிச்சியே! பட்டையில சிக்கி நிக்கத்தான். யாருமே பாக்காத துளையை ஏன் இழைக்கிறேன்னு திட்டினியே!”

“போதும் பெருமை,” என்றாள் ஒகினு. தேநீர் கொண்டுவந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“நீ நல்லா இருக்கணும் தம்பி. இந்தக் கை எதுக்கும் லாயக்கில்லைன்னு உட்கார்ந்துட்டேன். உனக்குத்தான் நான் கும்பிடு போடணும்,” என்றபடி ஷிகெபெய் உளிப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். மனசு நிறைந்துபோயிருந்தது.

ஒகினுவுக்கு மட்டும் ஒன்று பிடிபடவில்லை. “தலை போற அளவுக்கு அந்தப் பையில அப்படி என்னப்பா இருந்தது?”

“தெரியாதும்மா.”

“இதென்ன கூத்து! உன் பையில இருக்கிறது உனக்கே தெரியாதா?”

டொகுசோ தலைகுனிந்தான்.

“பை என் முதலாளியோடதும்மா. கையும் களவுமா பிடிச்சும் காவலர்கிட்ட கொடுக்காம, தன் கடையிலேயே வேலை கொடுத்த மகராசன். அன்னிக்கு இழுத்தவன் நான்; பை கைக்கு வந்திருந்தா, திருட்டே தொழிலாகி என்னிக்கோ தலையைக் கொடுத்திருப்பேன்.”