டிஸ்க்குக்கு ஓர் இயற்கை மரணம்

வெள்ளிக்கிழமை மதியம் பேக்கிங் ரூமுக்குள் நுழைந்தபோது லூயிஸின் வயிறு சாதாரணமாகத்தான் இருந்தது. வெளியே வரும்போது நிறைமாதம்.

ஸ்வெட்டருக்குள் இருந்தது சில்வர் டிப்ஸ். தேயிலையின் இளமொட்டை மட்டும் கிள்ளி உலர்த்துகிற சரக்கு. அந்த ஃபேக்டரியிலேயே விலை அதிகம். ஊட்டி ரோட்டில் ஒரு கடைக்காரர் எதையும் கேட்காமல் வாங்கிக்கொள்வார்.

லூயிஸ் குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் ஹெட் கிளார்க். ரிட்டயர் ஆகப்போகிற வயது. சர்ச்சில் முன்வரிசை. காணிக்கைத் தட்டை அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான், காணிக்கைத் தட்டில் அவர் கைவைத்ததே இல்லை.

சனிக்கிழமை மேனேஜர் முத்துராஜ் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சில்வர் டிப்ஸ் கொறையுது. யாருன்னு நான் இப்பக் கேக்க மாட்டேன். திங்கக்கிழமை கம்ப்யூட்டர் கடை ரெனிஷ் வர்றாப்ல. கேமராவுல பதிவானது பூரா ஆபீஸ் கம்ப்யூட்டர் டிஸ்க்குலதான் இருக்குது, அதைப் போட்டுப் பாப்போம். அப்புறம் நேரா போலீஸ்தான்."

பேக்கிங் ரூம் கேமரா சும்மா பயமுறுத்த வைத்தது என்று நம்பிக்கொண்டிருந்த மனுஷன் லூயிஸ். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். எல்லாவற்றையும்விட அந்த முன்வரிசை போகும்.

போனை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி, ரெனிஷைக் கூப்பிட்டார்.

"தம்பி, சும்மா ஒரு சந்தேகம். எம் மருமகன் கம்ப்யூட்டர் வாங்கறாப்ல. இந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்குத் தனியா கூலிங் வேணுமுங்களா?"

"எந்த ஊருக்குங்க?"

"கோயமுத்தூருக்கு."

"ஓயாம எழுதிட்டே இருக்கற டிஸ்க்குன்னா சூடாகுமுங்க. மேல ஒரு அலுமினியத் தகடு, பக்கத்துல ஒரு ஃபேன் இருந்தா நல்லது. சூடு ஏறுனா மொதல்ல வேகம் கொறையும். அதையும் மீறுனா படுத்துக்கும். நம்மூருன்னா அதெல்லாம் எதுக்குங்க, குளிரே போதுமே!"

லூயிஸ் நன்றி சொல்லி போனை வைத்தார். குளிர்தான் டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது என்றால், குளிரை அறையைவிட்டு விரட்ட வேண்டியதுதான். உடைக்கக் கூடாது, எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஆபீஸ் சாவி அவரிடமும் மேனேஜரிடமும் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்க் தானாகச் சாக வேண்டும், இயற்கை மரணமாக.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பி நின்ற மனைவி தபித்தாள் வாசலில் மறித்தாள்.

"ஏனுங்க, என்ற முட்டி வலிக்கு வாங்குன ஹீட்டரைத் தூக்கிட்டு எங்க போறீங்க?"

"ஆபீஸ்ல வேலை கெடக்குது. அங்க ஒரே குளிரு."

"சர்ச்சுக்குக்கூட வராம அப்படி என்ன வேலைங்க?"

"எனக்கும் சேத்து நீ ஜெபம் பண்ணிக்க" என்றார் லூயிஸ். அதை மட்டும் மனசாரச் சொன்னார்.

கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறையில் கேமரா கிடையாது. மானிட்டரை மேனேஜர் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருந்தது. லூயிஸ் அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ஃபேன் வயரைப் பிடுங்கினார். டிஸ்க்கின் மேலிருந்த அலுமினியத் தகட்டை நகத்தால் நெம்பி எடுத்தார். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, ஹீட்டரைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி முழு வேகத்தில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறை மேட்டுப்பாளையம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சித்திரை மாதத்து மேட்டுப்பாளையம் ஆனது. ஆபீஸில் லூயிஸுக்கு வேர்த்தது அன்றைக்குத்தான்.

கதவைத் திறந்து வாச்மேன் சங்கிலி எட்டிப் பார்த்தான். "சார், நானும் ஹீட்டர்ல கொஞ்சம் கையைக் காட்டிக்கட்டுங்களா?"

"கையைக் காட்டு. வெளிய போய் வாயைத் தெறக்காத."

ராத்திரியெல்லாம் ஹீட்டர் எரிந்தது. திங்கள் காலை எல்லாருக்கும் முன்னால் வந்து, பெட்டிக்குள் தொட்டுப் பார்த்தார். தோசைக்கல்லாய்ச் சுட்டது. திருப்தியாகத் தகட்டை ஒட்டி, ஃபேன் வயரை மாட்டி, மூடியைத் திருகிவிட்டு ஹீட்டரை வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

பத்து மணிக்கு மேனேஜர் அறையிலிருந்து மானிட்டர் வந்தது. ரெனிஷும் வந்தான். லூயிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

ரெனிஷ் பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது. 'ஸ்தோத்திரம்' என்றார் லூயிஸ் மனதுக்குள்.

திரை பளிச்சென்று எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். பேக்கிங் ரூம். லூயிஸ் உள்ளே போகிறார். லூயிஸ் நிறைமாதமாக வெளியே வருகிறார்.

மேனேஜர் திரையில் இருந்த வயிற்றைப் பார்த்தார். எதிரில் நின்ற வயிற்றையும் பார்த்தார். லூயிஸ் ரெனிஷ் பக்கம் திரும்பினார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"தம்பி" என்றார். "நேத்துப் பூரா ஹீட்டர் வெச்சேனே, அவ்வளவு சூட்டுலயும் இது எப்படிப்பா படுக்காம இருந்துச்சு?"

ரெனிஷ் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஹீட்டர் வெச்சது நீங்களாங்க! ஈரம் ஏறி சனிக்கிழமை காலையிலயே செத்துப்போன டிஸ்க்குங்க இது. ஒரு நாள் முழுக்க அனல் காட்டுனாப் பொழைச்சாலும் பொழைக்கும்னு நான் சொன்னதுக்கு, அவ்வளவு மெனக்கெட வேண்டாம், திருடனைச் சும்மா மெரட்டிப் பாத்துட்டு விட்டுரலாம்னுட்டாருங்க நம்ம சார்!"